ஒரு பல்லின் இடம்

பல்லைப் பற்றி எழுதுவதற்கு ஓர் இலக்கியச் சஞ்சிகையில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஊரில் பல்லுக்கொதி வந்தால் கராம்பு வைப்போம். அதற்கும் அடங்காவிட்டால் பிடுங்குவோம். பிடுங்கிய இடத்தில் என்ன வைப்பது என்று யோசிக்கிற வசதி எங்களில் அநேகருக்கு இங்கே வந்த பிறகுதான் கிடைத்தது.

எனக்கு இடதுபக்கக் கீழ்க் கொடுப்பில் முதலாவது பெரிய பல் இல்லை. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு 2013இல் படகில் வந்தவன் நான். மெல்பேர்ணில், டண்டினோங் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் வேலை. 2016இல் அந்தப் பல்லைப் பிடுங்கியபோது பிறிட்ஜிங் விசாவில் இருந்தேன். வேர்ச் சிகிச்சை செய்து, மூடி போட்டு அதைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்கான காசு அம்மாவின் வீட்டுக் கூரைக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

அன்றிலிருந்து வலது பக்கத்தால்தான் சப்பிச் சாப்பிடுகிறேன். அண்மையில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்த பல் வைத்தியர், மேல்பல் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது, பக்கத்துப் பல் வெற்றிடத்தை நோக்கிச் சாய்கிறது, இனியும் விடக்கூடாது என்றார். ஒன்றில் பிறிட்ஜ், அல்லது இம்பிளான்ற்.

பிறிட்ஜ் என்பது இடைவெளிக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றிவர அராவி, அவற்றின்மேல் மூடி போட்டு, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்கவைப்பது. இரண்டு மூன்று கிழமையில் முடிந்துவிடும். யோசனை மிகப் பழையது. இத்தாலியின் எத்துருஸ்கர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே பொய்ப்பல்லைத் தங்கப் பட்டியால் பக்கத்துப் பற்களோடு கட்டியிருக்கிறார்கள். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பெரிதாக அடைக்கப்பட்டவையென்றால் பிறிட்ஜ் நல்லதுதான். அவற்றுக்கும் மூடி தேவைப்படும். நல்ல பற்களென்றால், அராவிய எனாமல் திரும்பி வளராது. பாரம் தாங்கும் பல்லில் சூத்தை விழுந்தால் முழுவதையும் கழற்ற வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றவும் வேண்டி வரலாம்.

இம்பிளான்ற் என்பது தாடை எலும்பில் இறக்கும் தைத்தேனிய ஆணி. சுவீடனைச் சேர்ந்த பிறானமார்க், 1952இல், முயலின் காலெலும்பில் பொருத்திய தைத்தேனியக் கருவியைத் திருப்பிக் கழற்ற முடியாமல் போனபோது, எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருப்பதைக் கண்டார். 1965இல் மனிதத் தாடையில் வைத்தார். அந்த முதல் நோயாளி நாற்பது வருடம் அவற்றைப் பாவித்தார். இதில் பக்கத்துப் பற்களைத் தொடத் தேவையில்லை. ஆனால் எலும்பு ஆணியைப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். பல் போன இடத்து எலும்பு முதல் வருடத்திலேயே கனக்கக் கரையும். அதிகம் கரைந்திருந்தால் முதலில் எலும்பு நிரப்ப வேண்டும். புகைப்பவர்களுக்கும் நீரிழிவு கட்டுப்படாதவர்களுக்கும் தோல்வி கூட. துப்புரவாக வைத்திருக்காவிட்டால் ஆணியைச் சுற்றி முரசும் எலும்பும் பழுதாகும்.

எனக்குச் சொன்ன கணக்கு பிறிட்ஜுக்கு 4,500 டொலர், இம்பிளான்றுக்கு 6,000. 1984இல் தொடங்கிய மெடிகெயர் வளர்ந்தவர்களின் வழமையான பல் வைத்தியத்தைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை. விக்ரோறியாவின் அரச பல் நிலையங்களில் அகதிகளுக்கும் தஞ்சம் கோரியவர்களுக்கும் இலவசமும் முன்னுரிமையும் உண்டு. அடைப்பார்கள், பிடுங்குவார்கள், கழற்றி மாட்டும் பல் செய்து தருவார்கள். இம்பிளான்ற் வழமையாகக் கிடையாது. ஓய்வூதியமான சுப்பரில் இருந்து எடுக்கலாம் என்று குசினியில் சொன்னார்கள். 2018 முதல் அதை வரித் திணைக்களம் பார்க்கிறது. தீராத வலி போன்ற காரணம் வேண்டும், இரண்டு வைத்தியர்களின் கடிதம் வேண்டும், வரியும் கழியும். எனக்கு வலியில்லை, அது வயது போன காலத்துக் காசு, விட்டுவிட்டேன்.

இந்தக் கணக்கில் எந்த வைத்தியரும் சேர்க்காத ஒன்று உண்டு. என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் தம்பியொருவனிடமிருந்துதான் அது எனக்கு விளங்கியது. அவனும் 2013இல் வந்தவன். அவனுக்கும் ஒரு கொடுப்புப் பல் இல்லை. பக்கத்துப் பற்கள் இரண்டும் கல்லுப்போல நல்லவை. 2023 பெப்ரவரியில், தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. என்னிடம் 2018இல் கிடைத்த தற்காலிக விசா இருந்தது, உள்ளே போனேன். அவனுடைய வழக்கு அதற்கு முன்பே நிராகரிக்கப்பட்டிருந்தது. இன்னும் பிறிட்ஜிங் விசாதான்.

“இம்பிளான்ற் போடன், நல்ல பல்லை ஏன் அராவுறாய்?” என்று கேட்டேன்.

“அண்ணை, எலும்பு பிடிக்க ஆறு மாதம் எண்டு சொல்லுறாங்கள். என்ர விசாவும் ஆறு மாதம். இடையில பிடிச்சு அனுப்பினா, வெறும் ஆணியோட நான் எங்க போறது? விசாவும் பிறிட்ஜ், பல்லும் பிறிட்ஜா இருக்கட்டும்” என்று சிரித்தான்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு நல்ல பற்களையும் அராவக் கொடுத்துவிட்டு, வாய் விறைப்பு மாறுவதற்குள் பின்னேர வேலைக்கு வந்து வெங்காயம் வெட்டினான்.

அவன் எடுத்தது பிழையான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். எலும்பின் தடிப்பு, முரசின் நிலை, விலை எல்லாவற்றையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள் என்கிறார்கள். அதெல்லாம் சரி. ஆனால் அடுத்த ஆறு மாதம் இதே ஊரில் இருப்பேன் என்று நம்ப முடிந்தவனுக்குத்தான் அந்தத் தெரிவு முழுதாக இருக்கிறது. இல்லாதவன் தன் நல்ல பல்லைக் கொடுத்து அவசரத்தை வாங்குகிறான்.

என்னுடைய எலும்பு போதும் என்று ஸ்கானில் தெரிந்தது. பக்கத்துப் பற்களும் நல்லவை. தவணை முறையில் கட்டுவதாகப் பேசி இம்பிளான்றுக்குச் சம்மதித்தேன். ஆணி அடுத்த மாதம் இறங்கும், அதற்கு ஆறு மாதம் கழித்துப் பல். இந்த நாட்டில் முதல் பத்து வருடமும் விசா முடியும் திகதிக்கு அப்பால் கலண்டரில் நான் எதையும் குறித்ததில்லை. பல் பூட்டுகிற நாளை எழுதுவதற்கு இந்த வருடக் கலண்டரில் இடமில்லை. அடுத்த வருடத்துக் கலண்டர் வாங்க வேண்டும்.