நடுத்தரக் காரம், குடல் கொஞ்சம் கூட

சிங்கப்பூரில் சைனாடவுன் ரயில் நிலையத்தை விட்டு மேலே ஏறினால் பக்கத்திலேயே பீப்பிள்ஸ் பார்க் உணவங்காடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தட்டை ஏந்திக்கொண்டு மேசை தேடும் கூட்டத்துக்குள் அக்கா மகன் முன்னே புகுந்து போகிறான், நான் பின்னே. அவனுக்கு இங்கே கட்டுமான வேலை. வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அவனுடையது. "தேக்கா சந்தையில கெடைக்கிற பிரியாணி நம்ம விருத்தாசலத்துலயே கெடைக்கும் மாமா. இன்னிக்கி சீனாக்காரங்களோட மலா வறுவல் சாப்புடுவோம்" என்று இழுத்து வந்துவிட்டான்.

எங்கள் ஊர் மங்களூர். கப்பல் நிற்கும் கர்நாடகத்து மங்களூரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது திட்டக்குடிப் பக்கம், மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளைகிற மங்களூர். 2001 சட்டமன்றத் தேர்தலில் திருமாவளவன் ஜெயித்த தொகுதி என்றால் சிலருக்குப் பிடிபடும். இந்த மங்களூர்க்காரனுக்குக் காரம் என்ன புதுசா என்ற நினைப்போடுதான் கடை முன்னால் நின்றேன்.

கடையில் சமைத்த பண்டம் எதுவும் கண்ணில் படவில்லை. கண்ணாடி அலமாரியில் எல்லாம் பச்சையாக அடுக்கியிருக்கிறது. வட்டமாக நறுக்கிய தாமரைக்கிழங்கு, உருளைக்கிழங்கு வில்லை, கறுப்புக் காளான், சோயாப் பாலாடை, காடை முட்டை, மீன் உருண்டை, மாட்டிறைச்சி, பன்றி, அப்புறம் கழுவி மடித்து வைத்த குடல். பெரிய கிண்ணமும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு வேண்டியதை நாமே பொறுக்கிப் போட வேண்டும். கிண்ணத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். பீங்கான் சுடும் விருத்தாசலத்துப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பழக்கம் போகாது. மெலமைன்.

கிண்ணம் தராசுக்குப் போகிறது. 100 கிராமுக்குக் காய்க்கு ஒரு விலை, கறிக்கு ஒரு விலை. விலை போட்ட அம்மா நிமிர்ந்து, "சியாவ் லா? சோங் லா? தா லா?" என்றார். சின்னதா, நடுத்தரமா, பெரிசா என்று காரத்தைக் கேட்கிறார். நான் வாயைத் திறக்குமுன் மருமகன் "சோங் லா" என்று முடித்துவிட்டான்.

உள்ளே வாணலியில் எண்ணெய் காய்ந்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் புளிக்கவைத்த மொச்சை விழுதும் விழுந்ததும் வரிசை முழுக்கத் தும்மல். அந்த நெடி நமக்குப் பழகியதுதான். பழகாதது பின்னால் வந்தது. முதல் வாய்க்கு, சொல்லப்போனால், நம் பக்கத்துக் கோழி வறுவலைவிடக் காரம் குறைவு. எண்ணெய்தான் அதிகம், உப்பும் ஒரு கல் தூக்கல். அரை நிமிஷம் கழித்து உதட்டோரத்தில் ஏதோ ஊர்ந்தது. அப்புறம் நுனிநாக்கு அதிர்ந்தது. வலி இல்லை, எரிச்சலும் இல்லை, மின்சாரம் வைத்த மாதிரி ஒரு துடிப்பு.

அப்படித் தோன்றியதில் தப்பில்லை. இந்த வேலையைச் செய்வது சிச்சுவான் மிளகு. பெயரில் மிளகு இருந்தாலும் நம் கொடிமிளகுக்கும் அதற்கும் உறவு கிடையாது. எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் எல்லாம் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை அது. கறுப்பு விதை பல்லில் மணலாக நெருடும் என்பதால் அதைத் தள்ளிவிட்டு மேல்தோலை மட்டும் எடுக்கிறார்கள். தோலில் உள்ள சான்ஷூல் என்ற பொருள், தொடுகையை உணரும் நரம்புகளைச் சீண்டுகிறது. 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் உதட்டில் அதைத் தடவி அந்தத் துடிப்பை அளந்தபோது விநாடிக்கு 50 அதிர்வு என்று வந்தது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ்தான்.

ஆகவே, "எவ்வளவு காரமும் தாங்குவோம்" என்ற நம் வீறாப்புக்கு இங்கே வேலையில்லை. காய்ந்த மிளகாய் கிண்ணம் நிறையக் கிடக்கிறது, ஆனால் அதை யாரும் தின்பதில்லை. குச்சியால் ஒதுக்கிவிடுகிறார்கள். அது வாசனைக்கு. மிளகாய் அவர்களுக்கும் நம்மைப் போலவே வந்த சரக்கு, அமெரிக்கக் கண்டத்துப் பயிர். சீனத்தில் அதைப் பற்றிய பழைய குறிப்பு 1591-இல் காவ் லியென் என்பவர் எழுதியது. அதிலும் அழகுச் செடியாகத்தான் வருகிறது. மரத்துப்போக வைக்கும் இந்த மிளகோ அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது.

எனக்குப் பிடித்தது குடல். கெட்டியாக, மசாலாவை உறிஞ்சிக்கொண்டு, கடிக்கக் கடிக்கச் சுவை விடுகிறது. அம்மா குடல் வறுக்கும்போது மிளகும் சோம்பும் ஏன் அள்ளிப் போடுவாள் என்பது தெரிந்தவனுக்கு இந்தப் பண்டத்தின் பிறப்பு எளிதில் விளங்கிவிடும். மலாவின் மூலம் சோங்சிங் நகரத்துப் படகுத்துறை என்று சொல்கிறார்கள். யாங்சி ஆற்றில் படகு இழுத்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும், கசாப்பில் கழித்துப்போட்ட மாட்டுக் குடலையும் இரைப்பையையும் மிளகாய், மிளகு போட்ட கொதிநீரில் முக்கித் தின்றார்கள். ஈரக் குளிருக்கு இதம், கவிச்சைக்கு மருந்து, காசும் குறைவு. அந்தச் சட்டி பின்னால் பெரிய உணவகங்களுக்குப் போனது. நாங்கள் சாப்பிட்டது அதன் குழம்பில்லாத வறுவல் வடிவம்.

சைவக்காரர்கள் யோசித்துத்தான் வர வேண்டும். காய் மட்டும் பொறுக்கினாலும் வாணலி ஒன்றுதான். மற்றவர்களுக்கு ஒரு யோசனை: உடனடி நூடுல்ஸ் கட்டியைப் போடச் சொல்லாதீர்கள், மசாலா முழுவதையும் அதுவே குடித்துவிடும். வெள்ளைச் சோறு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்தால் புளிப்பாகத் தெரியும், சோயாப் பால் தேவலை.

"இந்தக் கடை உனக்கு எப்படிடா தெரியும்?"

"சைட்டுல டைல்ஸ் ஒட்டுற சீனாக்காரரு ஒருத்தரு இருக்காரு மாமா. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. ஒருநா என் டப்பாவுல குடல் கறியப் பாத்துட்டு, ஒரு துண்டு எடுத்துக்கிட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழமை கையப் புடிச்சி இங்க கூட்டியாந்துட்டாரு."

தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தான். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாப்பிட்ட தட்டை மேசையில் விட்டுப் போவது குற்றம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்து அபராதம்.