கள்ளுக்கடைத் தரையில் ஒரு காலை

ஈப்போ புந்தோங்கில் பசியாறிவிட்டு, வழிக்கு இரண்டு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். காரை ஓட்டியவன் என் மகன். பின்னால் என் அத்தை. வயது 80ஐத் தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் தாம் பிறந்த தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

சுண்ணாம்புக் குன்றுகள் கூடவே வருகின்றன. அதே சாலையில் இன்னும் போனால் கோலகங்சார். 1877இல் வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று அங்கே இன்னும் மரமாக நிற்கிறது. நம் முன்னோரைக் கப்பலேற வைத்த மரம்.

மெல்பர்னில் இருக்கும் நண்பன் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதைப் பற்றி மகன் சொல்லிக்கொண்டு வந்தான். ஐஸ் பெட்டி, கம்பி வலை, ஒரு சின்னப் பம்ப். எல்லாம் அவனே பொருத்தியது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, ஏறக்குறைய 65 டிகிரி சூட்டில் ஊறவைக்கிறான். கீழே வடியும் சாற்றைப் பம்ப் மறுபடி மேலே ஊற்றுகிறது. தானியமே வடிகட்டி. சாறு சுற்றச் சுற்றக் கலங்கல் தெளிகிறது, மாவுச்சத்து சர்க்கரையாகிறது.

"அங்கே அது பொழுதுபோக்கு, பாட்டி. இங்கே உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம்" என்றான்.

அத்தை சிரித்தார். "எங்க லயத்துலயும் சுத்துச்சு கண்ணு. சாறு இல்ல, சம்பளம்."

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. லயங்கள் இல்லை. கோயில் இருக்கிறது. அதைத் தாண்டி, புல்லுக்குள் ஒரு சிமெண்டுத் தரை. "இதுதான் கள்ளுக்கடை."

கள்ளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். தென்னம்பாளையில் இறங்கும் சாறு காலையில் இனிக்கும். பொழுது ஏற ஏறத் தானே புளிக்கும். தோட்டத்துக் கள்ளுக்கடைகள் அரசு உரிமத்தோடு நடந்தன. லாபம் தொழிலாளர் நலநிதிக்குப் போனது. அலுவலகத்தில் வாங்கிய சம்பளம் அன்று மாலையே இங்கே திரும்பி வரும். அதில் ஒரு பங்கு திருவிழாவாக லயத்துக்கு வரும். அத்தை சொன்ன சுற்று இதுதான்.

எதிர்க்காமலும் இல்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். கள்ளைவிடக் கொடியது சம்சு. தகர டின்னில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியதில் என்ன கலந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆபத்து பழங்கதையும் அல்ல: 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள்.

"சம்பள நாள்ல அம்மா அந்த மரத்தடியில நிப்பாங்க. அப்பா உள்ள போறதுக்கு முன்னாடி அரிசிக்காசை வாங்கிடணும். ஒரு நாளும் இந்த வாசலைத் தாண்டுனது இல்ல."

சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கண்டு 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். அத்தையின் அம்மாவும் கட்டினார். பணத்தை ஒளித்து வைத்தது அரிசி டின்னில். அப்பா கை வைக்காத இடம் அது ஒன்றுதானாம்.

திரும்பலாமா என்று கேட்டேன். அத்தை சிமெண்டுத் தரையில் ஏறி, முந்தானையால் தூசி தட்டி, உட்கார்ந்தார்.

"அந்தப் பொட்டலத்தை எடு. இங்க உட்கார்ந்து தின்னுட்டுத்தான் போகணும்."