கட்டுச்சோறு பிளேன் ஏறலாமா?

ரயில்ல புளிசாதப் பொட்டலம் பிரிச்சா, எதிர்ல இருக்கிறவர் "நல்ல வாசனையா இருக்கே"ன்னு பேச்சு கொடுப்பார். அதே பொட்டலத்தை பிளேன்ல பிரிக்க மட்டும் நம்ம ஆளுங்களுக்குக் கூச்சம். என் மாப்பிள்ளையும் அப்படித்தான். "மாமா, எல்லாம் ஏர்போர்ட்லயே கிடைக்கும், எதுக்கு சிரமம்?" என்பார். தங்கமான மனுஷன். ஆனா இந்த ஒரு விஷயத்துல மட்டும் நானும் எங்க வீட்டுக்காரம்மாவும் அவர் பேச்சைக் கேக்கறதில்ல.

நாங்க இருக்கிறது பூந்தமல்லியில இருந்து திருவள்ளூர் போற ரோட்டுல, வெள்ளவேடு பக்கம். பொண்ணு தில்லியில இருக்கா. பேத்திக்கு எட்டு வயசு, பேரனுக்கு நாலு. வருஷத்துல ஒரு தடவை, கோடை லீவுல வருவாங்க.

பிளேன்னா மூணு மணி நேரம்தானே, அதுக்கு எதுக்கு சாப்பாடு? எல்லாரும் கேக்கற கேள்வி இது. பறக்கறது மூணு மணி நேரம்தான். ஆனா குழந்தைக்குப் பசிக்கிறது ஆகாயத்துல மட்டும் இல்ல. நாங்க இங்க காலையில பத்தரைக்குக் கிளம்பினா பூந்தமல்லி, போரூர், கத்திப்பாரான்னு நெரிசல்ல ஊர்ந்து மீனம்பாக்கம் போய்ச் சேர பன்னண்டு. அப்புறம் பெட்டி போடற வரிசை, செக்கிங் வரிசை, ஏர்ற வரிசை. அந்தப் பக்கம் இறங்கினா பெட்டிக்குக் காத்திருக்கணும், டாக்சிக்குக் காத்திருக்கணும், தில்லி நெரிசல் வேற. வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் எட்டு மணி நேரம். நாலு வயசுப் பையன் எந்த வரிசையில நின்னு "பசிக்குது"ன்னு அழுவான்னு யாருக்குத் தெரியும்? அங்க கடை இருக்காது. பையில இருக்கிற டப்பாதான் இருக்கும்.

விலையும் ஒரு காரணம்தான், இல்லேன்னு சொல்லல. இப்ப கொஞ்சம் பரவாயில்ல. 2024 டிசம்பர்ல கொல்கத்தா ஏர்போர்ட்லயும், 2025 பிப்ரவரியில நம்ம சென்னையிலயும் உடான் யாத்ரி கஃபேன்னு அரசாங்கமே திறந்திருக்கு. டீ பத்து ரூபா, தண்ணி பத்து ரூபா, சமோசா இருபது ரூபா. நல்ல காரியம். ஆனா சமோசா குழந்தைக்குச் சாப்பாடு ஆகுமா?

எங்க வீட்டுக்காரம்மா கட்டுறது இதுதான். இட்லியை ஆறவிட்டு, நல்லெண்ணெயில குழைச்ச மிளகாய்ப்பொடியை ரெண்டு பக்கமும் தடவி அடுக்குவாங்க. சின்னவனுக்கு மட்டும் நெய்யும் சர்க்கரையும். புளிசாதம் கொஞ்சம். தயிர்சாதத்தைத் தயிர் ஊத்திப் பிசையறதில்ல. சோத்தைக் குழைய வடிச்சு, பால் நெறைய ஊத்தி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுப் பிசைவாங்க. மத்தியானம் திறக்கறப்ப புளிக்காம, அப்பதான் தோய்ஞ்ச மாதிரி இருக்கும். தேங்கா சட்னி, வெங்காயம் போட்டது எதுவும் கிடையாது, வெயில்ல ஊசிப்போகும். நொறுக்குத் தீனிக்குத் தட்டை, முறுக்கு, கடலை உருண்டை.

அந்தக் கடலை எங்க கழனியில வெளஞ்சது. எங்களுக்கு இருக்கிறது ஒண்ணேகால் ஏக்கர். ரெண்டு பக்கமும் மனை போட்டு கல்லு நட்டுட்டாங்க. தண்ணி வர்ற கால்வாயை எத்தனை வருஷம் விட்டு வைப்பாங்களோ தெரியாது. மார்கழியில விதைச்சு, சித்திரையில புடுங்கி, ஆய்ஞ்சு காயப்போட்டு வெச்சிருப்போம். பசங்க வந்ததும் திண்ணையில உக்காந்து உடைப்பாங்க. பேத்தி உடைக்கிறதை விட வாயில போட்டுக்கிறது அதிகம். வறுத்து, தோல் ஊதி, வெல்லப்பாகுல உருண்டை புடிப்போம். சின்னவனுக்குப் பொடிச்சுத்தான். அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு முழுக் கடலை தரக்கூடாது, தொண்டையில சிக்கிக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க. ஓடற வண்டியிலயும் பறக்கற பிளேன்லயும் இதுல ரொம்பக் கவனம் வேணும். இன்னொண்ணு, சில குழந்தைங்களுக்குக் கடலை ஆகவே ஆகாது, மூச்சுத் திணறிடும். பக்கத்து சீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு டப்பாவைத் திறங்க.

போன வருஷம் செக்கிங்ல டப்பாவைத் திறக்கச் சொன்னாங்களாம். என்ன இதுன்னு இந்தியில கேட்டதுக்கு, "மூங்ஃபலி, நானே உடைச்சது, எங்க தாத்தா வயல்ல"ன்னு பேத்தி இந்தியிலயே பதில் சொன்னாளாம். பொண்ணு போன்ல சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல, வேற என்னமோ வந்துச்சு. தில்லியில பொறந்து வளர்ற பிள்ளை. எங்க கழனி அவளுக்கு என்ன முகவரியில ஞாபகம் இருக்கும்? பத்து வருஷம் கழிச்சு அது கழனியாவே இருக்குமா? எனக்குத் தெரியாது. நானே உடைச்சதுன்னு சொன்னாளே, அது மட்டும் நிச்சயம்.

சரி, உங்களுக்கு உதவற விஷயத்துக்கு வர்றேன். உள்நாட்டுப் பயணத்துக்கு இட்லி, சாதம், சப்பாத்தி, தின்பண்டம் கைப்பையில தாராளமா போகலாம். மிளகாய்த்தூள் கைப்பையில கூடாது. ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டியில, ரெண்டு கவர் சுத்திப் போட்டுடுங்க. கொப்பரைத் தேங்கா எதுலயும் வேண்டாம். எண்ணெய்ச்சத்து அதிகம், தானா சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சாமான்னு அதைத் தள்ளி வெச்சிருக்காங்க. முழுத் தேங்காயையே கைப்பையில விடமாட்டாங்க. சபரிமலைக்கு இருமுடி கட்டிப் போற சாமிங்களுக்காக 2024 அக்டோபர்ல தளர்த்தி, 2025 ஜனவரி 20 வரைக்கும்னு தேதி போட்டுத்தான் விட்டாங்க. வெளிநாட்டுப் பயணம்னா இன்னும் கறார். தயிர், சட்னி, ஜாம் எல்லாம் அவங்க கணக்குல தண்ணி மாதிரிதான், 100 மில்லிக்கு மேல ஒரு பாட்டில் கைப்பையில போகாது. கைக்குழந்தைக்கு வேண்டிய பாலுக்கும் உணவுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

மேல போனதும் பிளேனுக்குள்ள காத்தழுத்தம் குறையும். ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல உக்காந்திருக்கிற மாதிரி. காத்து அடைச்ச பாக்கெட் பலூன் மாதிரி உப்பும். வயித்துல இருக்கிற வாயுவும் அப்படித்தான். அதனால அன்னைக்கு சுண்டல், அவிச்ச கடலை வேண்டாம். இறங்கறப்ப காது அடைச்சுப் பிள்ளைங்க வீறிடும். அப்ப எதையாவது மென்னு முழுங்கணும், முழுங்க முழுங்க காது திறக்கும். சின்னவனுக்கு இட்லித் துண்டு, பெரியவளுக்கு கடலை உருண்டை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாலே போதும். கருவாடு, முட்டை மட்டும் பூட்டின அறையில பிரிக்காதீங்க, நூறு பேர் மூச்சு அது.

அமெரிக்கா போறவங்களுக்கு ஒண்ணு. பாசத்துல பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எல்லாம் பெட்டியில திணிக்காதீங்க. கறிவேப்பிலையில வர்ற ஒரு சின்னப் பூச்சி அங்க எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டத்தையே காலி பண்ற நோயைப் பரப்பும். விவசாயிக்கு இந்த வலி தெரியும். மெக்சிகோ பக்கத்து மாவுப்பூச்சி 2008-ல கோயம்புத்தூர்ல தலைகாட்டி, பப்பாளியையும் மல்பெரியையும் எப்படி அழிச்சதுன்னு பார்த்தோமே. சமைச்சதைக் கொண்டு போங்க, முளைக்கிறதைக் கொண்டு போகாதீங்க. எது வெச்சிருந்தாலும் கேக்கற ஃபாரத்துல மறைக்காம எழுதிடுங்க.

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?"ன்னு எங்க அம்மா சொல்வாங்க. உண்மைதான், எங்க கட்டுச்சோறு அன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் தாங்கும். ஆனா கடலை உருண்டை பதினஞ்சு நாள் வரும். பேத்தி தினம் ஒண்ணுன்னு எண்ணி வெச்சுத் தின்னுவாளாம், தம்பிக்கு எட்டாத அலமாரியில. தீந்து போன அன்னைக்கு போன் வரும். "தாத்தா, அடுத்த தடவை நெறைய போடு."

மார்கழிக்கு விதைக்கடலை எடுத்து வெச்சுட்டேன்.