அடைப்புக்குறிக்குள் எந்த ஊர்?

எங்கள் றோட்டறிக் கழகம் செவ்வாய்க்கிழமைகளில் கூடும். இடம் ஸ்காபரோவில் முன்னாள் படைவீரர் சங்கத்து மண்டபத்தின் பின்னறை. மாலை ஆறரைக்குத் தலைவர் மணியடிப்பார். சாப்பாடு முடிந்ததும் ஒரு பழைய கோப்பிப் பேணி மேசை மேசையாகச் சுற்றிவரும். இந்த வழக்கத்துக்குச் சந்தோஷ டொலர் என்று பெயர். அந்தக் கிழமையில் நடந்த நல்லது ஒன்றைச் சொல்லி ஒரு டொலர் குத்தியைப் பேணிக்குள் போடவேண்டும். பேத்திக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது, முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, தோட்டத்தில் கடைசித் தக்காளி பழுத்தது என்று எதையும் சொல்லலாம். சேருகிற காசு போலியோ ஒழிப்பு நிதிக்குப் போகும். 1985 முதல் றோட்டறி சுமந்து வருகிற வேலை அது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார் என்று எழுந்து நின்று சொன்னதுதான் அந்த அறையில் நான் பேசிய முதல் பேச்சு. எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் நாட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தியைச் சொல்ல முடிந்ததே என்று அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் கழகத்தின் செயலாளர். ஒவ்வொரு புதன் இரவும் இரண்டு பக்கத்தில் கூட்டச் செய்தி எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்புவேன். வந்தவர் எத்தனை பேர், விருந்தினர் யார், உணவு வங்கிக்கு எத்தனை பெட்டி போனது, குளிர்காலக் கோட்டுச் சேகரிப்புக்கு யார் வாகனம் தருகிறார்கள் என்று வரிசையாக வரும். கடைசியில் ‘நிலுவையில் உள்ளவை’ என்று ஒரு பகுதி. மண்டபத்தின் சக்கர நாற்காலிச் சாய்தளம் இரண்டு வருடமாக அந்தப் பகுதியில் இருக்கிறது. முடியாத விடயத்தை நீக்குவதில்லை. அடுத்த கிழமைக்கு அப்படியே கொண்டுபோவோம்.

2025 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கு விருந்தினராக வந்தவர் துயர ஆற்றுப்படுத்துநர் ஒருவர். மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் இல்லமொன்றில் வேலை செய்கிறவர். குறிப்பேட்டில் தலைப்பை எழுதிவிட்டு, வழக்கம்போல மூன்று நான்கு வரிக்குத் தேவையானதைக் கேட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அவர் போலீன் பொஸ் என்ற அமெரிக்க அறிஞரைப் பற்றிச் சொன்னார். 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்தபோது, அந்தத் துயரத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கண்டவர் அவர். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பு. அதில் இரண்டு வகை உண்டு. ஆள் இல்லை, ஆனால் மனதுக்குள் நிறைந்து இருக்கிறார் என்பது ஒன்று. ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் அவர் அவராக இல்லை என்பது மற்றது; மறதிநோய் கண்டவர்களின் வீடுகளில் நடப்பது அதுதான். அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லை என் குறிப்பேட்டில் தமிழில் எழுதப் பார்த்தேன். தெளிவற்ற இழப்பு என்று எழுதி வெட்டினேன். பிறகு கை தானாக எழுதிய சொல் ‘அந்தரிப்பு’. நிலத்திலும் கால் இல்லை, மேலேயும் பிடி இல்லை. யாழ்ப்பாணத்தில் எந்த ஆச்சியைக் கேட்டாலும் இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லுவா.

அதற்குப் பிறகு நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

1995 ஐப்பசி முடிவில், போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாங்கள் சாவகச்சேரியில் தெரிந்தவர்களின் வீட்டு விறாந்தையில் ஆறு மாதம் இருந்தோம். அடுத்த சித்திரையில் ஊர் திரும்பினோம். திரும்பும்போது என் தையல் மெசினின் தலைப்பகுதியைக் கொண்டுவர முடியவில்லை. பாரம். தம்பிதான், ‘அக்கா, பிறகு நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்’ என்றான். ஆவணியில் ஒருநாள் நான் ஞாபகப்படுத்தினேன். நல்லூர்த் திருவிழாவுக்குத் தைக்கச் சொல்லி இரண்டு பேர் துணி தந்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு லுமாலா சைக்கிளின் கரியரில் சாக்கும் கயிறும் கட்டிக்கொண்டு போனான். வயது 18. அரியாலையில் அவனைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். செம்மணி வெளிக்கு அப்பால் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. மெசின் தலை சாவகச்சேரியிலேயே இருந்துவிட்டது. கால்மிதியும் மேசையும் மட்டும் எங்கள் வீட்டு அறையில் கிடந்தன. அதன் பலகையில் நடுவே சதுரமாக ஒரு குழி இருக்கும், தலை இறங்கி உட்காருகிற இடம். அம்மா அதற்கு மேல் ஒரு துணியை விரித்து வைத்தா.

செத்தவீடு என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் வழி தெரியும். அடுத்தது என்ன என்று சொல்ல ஆள் இருப்பார்கள். அயல் வீட்டில் உலை வைப்பார்கள். எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, கீரிமலைக் கடல், பிறகு ஆட்டைத் திவசம் என்று ஒவ்வொரு படியாக அழைத்துக்கொண்டு போய் ஒரு வருடத்தில் உங்களை மறுபடி றோட்டில் விடுவார்கள். தம்பிக்கு இதில் ஒரு படியும் இல்லை. ஒருவரும் சோறு கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் அது அவன் செத்துவிட்டான் என்று சொன்னதாகிவிடும் என்று பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

2003இல் அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டேன். இங்கே கோயிலில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு, தம்பியின் பெயருக்கு ஒரு மோட்ச அருச்சனை செய்தால் மனம் ஆறும் என்றார். ‘இருக்கிற பிள்ளைக்கு ஆரும் மோட்ச அருச்சனை செய்வினமே?’ என்று அம்மா கேட்டா. ஆனால் ஒவ்வொரு வருடமும் அவன் பிறந்தநாளன்று தட்டம் வாங்கி, அவன் பெயரும் சதய நட்சத்திரமும் சொல்லி, உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்கிற அருச்சனையைச் செய்தா. வருகிற வழியில் எனக்குத் திருநீறு தருவா. ஒரு வார்த்தை பேசமாட்டா. தையல் மெசினைப் பற்றி ஒருநாளும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்காததை 25 வருடம் சுமந்தேன்.

2022 மாசியில், பனி கொட்டிய கிழமை, அம்மா போனா. மரண அறிவித்தலை எழுத மச்சான் ஒருவர் உதவிக்கு வந்தார். எங்கள் அறிவித்தல்களின் அச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகளின் பெயர், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இடம், ‘ஆகியோரின் பாசமிகு தாயாரும்’ என்று முடிவு. எனக்குக் கனடா. தங்கச்சிக்கு லண்டன். ‘தம்பியின்ரை பெயருக்குப் பக்கத்திலை என்ன போட?’ என்று மச்சான் கேட்டார். கேட்ட உடனேயே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். காலஞ்சென்ற என்று போடலாம். அம்மா 25 வருடம் செய்ய மறுத்ததை அவ செத்த அன்றே நான் செய்ததாக ஆகும். இலங்கை என்று போடலாம். அது உண்மையாகவும் இருக்கலாம், எந்த மண்ணுக்குக் கீழே என்று மட்டும் சொல்லாது. பெயரை விட்டுவிடலாம் என்றார் தொலைபேசியில் ஒருவர். மூன்று மணித்தியாலம் போனது. றோட்டறிக் கூட்டங்களில் நாங்கள் சொல்லும் நாலு கேள்விகள் உண்டு. 1932இல் ஹேர்பர்ட் ரெய்லர் என்ற வணிகர் தன் கம்பனிக்காக எழுதியவை. நாம் சொல்வது உண்மைதானா என்பதுதான் அதில் முதல் கேள்வி. அதையே எனக்குள் கேட்டுக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவன் பெயரை மட்டும் போட்டோம். அடைப்புக்குறி இல்லை. அச்சாகி வந்த தாளில் அந்தப் பெயருக்கும் அடுத்த காற்புள்ளிக்கும் இடையில் இருந்த வெள்ளை என் கண்ணை விட்டுப் போக நெடுநாள் எடுத்தது.

இப்படி அடைப்புக்குறி இல்லாத பெயர்கள் எங்களுக்குள் எத்தனை! செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் மட்டும் இலங்கையில் 16,000 பேருக்கு மேல் தேடப்படுகிறவர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். காணாமற்போனோருக்கான அலுவலகத்தை அமைக்க 2016இல் சட்டம் வந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழும் அதே வருடத்தில் வந்தது. கிளிநொச்சியில் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் படங்களோடு தெருவோரத்தில் இருக்கிறார்கள். அந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். செம்மணியில் 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. 2025இல் மறுபடி தோண்டினார்கள். எலும்புக்கூடுகள் 200ஐத் தாண்டின. நீல நிறப் புத்தகப்பை ஒன்றும் வந்தது. ஆவணியில், உறவினர் அடையாளம் காணட்டும் என்று துணிகளையும் செருப்புகளையும் வெளியில் வைத்தார்கள். நான் இங்கே சமையலறையில் நின்று, கைப்பேசியில் அந்தப் படங்களை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். அவன் அன்று போட்டிருந்த சேட்டின் பொத்தான்களை நான்தான் தைத்தேன். நாலு துளைப் பொத்தானுக்கு நான் குறுக்கு மறுக்காகத் தைப்பேன். அந்த நூலைத்தான் தேடினேன்.

அந்தச் செவ்வாய் மாலைக்கு வருகிறேன். பேச்சாளர், துயரத்துக்கு முடிவு வேண்டும் என்று அவசரப்படுத்துவதை பொஸ் ஏற்பதில்லை என்றார். இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு சமைக்கலாம், வேலைக்குப் போகலாம், சிரிக்கலாம். அது பைத்தியம் இல்லை என்றார். அம்மாவின் அருச்சனைத் தட்டம் என் முன்னால் வந்து நின்றது.

பேணி சுற்றத் தொடங்கியது. 84 வயதான எங்கள் மூத்த உறுப்பினர் எழுந்தார். அவருடைய பாட்டனின் தம்பி முதலாம் உலகப் போரில் பிரான்சில் மறைந்தவர், கல்லறை இல்லை. பிரான்சில் புதைகுழி தெரியாத கனேடியர் 11,285 பேரின் பெயர்களோடு அவர் பெயரும் விமி நினைவுச்சின்னத்தில் இருக்கிறது. அரசு அனுப்பிய வெண்கலத் தட்டைத் தாய் சுவரில் மாட்ட விடவில்லையாம். மாப்பெட்டிக்கு அடியில் வைத்தாவாம். தான் விமிக்குப் போய் அந்த எழுத்துகளை விரலால் தடவினேன் என்று சொல்லி ஒரு டொலர் போட்டார். பிறகு என் பக்கத்திலிருந்தவர். அவருடைய மனைவி பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறா. தினமும் போகிறார். என் கணவர் எப்போது வருவார் என்று அவரிடமே கேட்பாவாம். ‘இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தா. யார் என்று நினைத்துச் சிரித்தாவோ தெரியாது’ என்று போட்டார்.

பேணி என் கைக்கு வந்தது. அன்றைய திகதி எனக்கு மட்டும் தெரிந்த திகதி. எழுந்து நின்று, ‘இன்று என் தம்பிக்கு 48 வயது’ என்றேன். வேறொன்றும் வரவில்லை. டொலரைப் போட்டேன். யாரும் எங்கே இருக்கிறார் என்று கேட்கவில்லை. மேசையின் அந்தப் பக்கத்தில் ஒருத்தி மெதுவாகக் கை தட்டினா. பிறகு எல்லோரும்.

கூட்டம் முடிந்து கதிரைகளை மடக்கும்போது பக்கத்து மேசைக்காரர் என்னோடு நின்றார். அவருக்குத்தான் முதன்முதலாகத் தையல் மெசினின் கதையைச் சொன்னேன். உன் குற்றம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. மெசின் என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு, தங்கப் பூ வேலை என்றேன். தன் தாயிடமும் அப்படி ஒன்று இருந்தது என்றார். நாற்பது கதிரையையும் இருவருமாகச் சுவரோரம் அடுக்கினோம்.

புதன் இரவு கூட்டச் செய்தி எழுத உட்கார்ந்தேன். வந்தவர் 23. விருந்தினர் ஒருவர். உணவு வங்கிக்கு 11 பெட்டி. சந்தோஷ டொலர் பகுதியில், ‘செயலாளர் தன் தம்பியின் 48ஆவது பிறந்தநாளுக்கு ஒரு டொலர் தந்தார்’ என்று எழுதினேன். நிலுவையில் சாய்தளத்தை அப்படியே விட்டு, அடுத்த சனிக்கிழமை கோட்டுச் சேகரிப்புக்குக் காலை ஒன்பது மணிக்கு வாகனங்கள் தேவை என்று சேர்த்து அனுப்பினேன்.