மார்லி: மாளிகை மறைந்த ஊர்

பாரிஸ் மாநகருக்கு மேற்கே, ஸீன் நதி பெருவளைவுகளாக வளைந்து வளைந்து செல்லும் பிரதேசத்தில், ஆற்றங்கரையிலிருந்து காடடர்ந்த மேட்டை நோக்கி ஏறும் சரிவில் மார்லி லெ ருவா என்னும் ஊர் இருக்கிறது. ஸான் லஸார் நிலையத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரலாம். மேடேறிச் செல்லும் பழைய கடைவீதி, அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஜூல் அர்துவான் மான்ஸார் கட்டிய ஸான் விகோர் தேவாலயம், அமைதியான வீடுகள் என்று ஊர் தன் போக்கில் வாழ்கிறது. ஆனால் ஒரு காலத்தில் இதன் பெயரை ஐரோப்பாவின் ராஜசபைகளிலெல்லாம் வழங்கச் செய்த மாளிகையைத் தேடிப் பூங்காவுக்குள் செல்பவன் காண்பது, பசும்புல் போர்த்த பள்ளத்தாக்கும், படிப்படியாக இறங்கும் தளங்களும், நீர் நிறைந்த தடாகங்களும், கட்டடம் நின்ற இடத்தின் உருவத்தைக் காட்டத் தரையில் பதித்திருக்கும் கற்பலகைகளுமே.

பதினான்காம் லூயி மன்னர் வெர்சேல்ஸை உலகமே வியக்கும் ராஜதானியாக விஸ்தரித்துக் கொண்டிருந்த காலத்திலேயே, அந்தப் பெருமைக்கு உரிய கூட்டமும் சம்பிரதாயமும் அவரைக் களைப்புறச் செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். கண் விழிப்பது முதல் படுக்கைக்குப் போவது வரை நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் வாழ்ந்த அம்மனிதர், சில நாட்களேனும் தாம் தேர்ந்த சிலரோடு மட்டும் இருக்கக்கூடிய ஓரிடத்தை நாடி, வெர்சேல்ஸுக்கு வடக்கே சில மைல் தொலைவில் இந்தக் குறுகிய பள்ளத்தாக்கைத் தெரிந்துகொண்டார். 1679-இல் மான்ஸார் வேலையைத் தொடங்கினார். ஒரே பெருங்கட்டடமாக எழுப்பாமல், நடுவே அரசருக்கென ஒரு மண்டபத்தையும், அதன் முன்னே நீண்டு கிடந்த தடாகத்தின் இருமருங்கிலும் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சிறு மண்டபங்களையும் அவர் அமைத்தது, சூரியனைத் தம் சின்னமாகக் கொண்ட மன்னருக்குப் பன்னிரண்டு ராசிகள் புடைசூழ்ந்த ஆதித்தனை நினைவூட்டும் அமைப்பாகும். அரச மண்டபத்தின் மத்தியில் எண்கோண வடிவில் உயர்ந்த கூடம். அதன் மூலைகளில் நான்கு இருப்பிடங்கள். வெளிச்சுவர்களில் தூண்களையும் சிற்பங்களையும் கல்லில் செதுக்கவில்லை. லெ புரன் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் திட்டப்படி, பார்ப்பவர் கண்ணுக்குச் செதுக்கியவை போலவே தோன்றும்படி வர்ணத்தில் தீட்டினார்கள். மழையிலும் பனியிலும் அந்த வர்ணம் எத்தனை நாள் நிற்கும்? ஓயாமல் பராமரித்தால்தான் மார்லி மார்லியாக இருக்கும் என்பது அதன் சுவரிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஏகாந்தத்துக்கென்று கட்டிய இவ்விடமே பிரான்ஸில் எல்லாரும் ஏங்கும் இடமாயிற்று. சிறு மண்டபம் ஒவ்வொன்றிலும் இரண்டே இருப்பிடங்கள். ஆகவே அழைப்புப் பெறுவோர் சிலரே. மன்னர் நடந்து செல்லும்போது பிரபுக்கள் எதிர்ப்பட்டு, ஊரின் பெயரை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லி விண்ணப்பித்துக்கொள்வது வழக்கம். அழைக்கப்பட்டவர்களுக்கு அங்கே சம்பிரதாயம் சற்றுத் தளர்ந்திருந்தது. தோட்டத்தில் மன்னரோடு உலாவும்போது தலையில் தொப்பி அணிந்துகொள்ளவும் அனுமதி உண்டு. சீட்டாட்டமும் ஊஞ்சலும், சரிவில் தண்டவாளத்தின் மேல் விரைந்திறங்கும் மர வண்டியும் அவர்களுடைய பொழுதுபோக்குகள். தடாகங்களில் வளர்த்த கெண்டை மீன்களுக்கு மன்னர் தாமே பெயர் சூட்டி, ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு மகிழ்ந்தார் என்பதைப் படிக்கும்போது, போர்களாலும் வரிகளாலும் நாட்டை வாட்டிய அந்தச் சக்கரவர்த்தியின் நெஞ்சில் ஒரு தோட்டக்காரனும் குடியிருந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸான் ஸிமோன் பிரபு தம் நினைவுக் குறிப்புகளில், பாம்பும் சேறும் நிறைந்த பள்ளத்தை மன்னர் பிடிவாதமாகத் தேர்ந்ததையும், காட்டிலிருந்து முழு வளர்ச்சி பெற்ற மரங்களைப் பெயர்த்து வந்து நட்டு, அவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போக, மறுபடியும் மறுபடியும் நட்டதையும் கசப்போடு எழுதியிருக்கிறார். அவர் மன்னர்மீது மனத்தாங்கல் கொண்டவர். எனினும் செலவைப் பற்றி அவர் சொன்னதை மறுப்பது கடினம்.

அந்தச் செலவில் பெரும்பகுதி ஜலத்துக்கானது. மேட்டின்மேல் நீர் இல்லை. நதியோ கீழே நூற்றைம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஓடுகிறது. லியேழ் நாட்டிலிருந்து வந்த அர்னோல்ட் தெ வீல் என்பவரும், ரென்கேன் ஸ்வாலெம் என்னும் தச்சரும் பூழிவால் அருகே நதிக்குக் குறுக்கே ஒரு மகா யந்திரத்தை நிர்மாணித்தார்கள். 1681-இல் கட்டத் தொடங்கி 1684-இல் இயங்க ஆரம்பித்த அதில் பதினான்கு சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மீட்டர் விட்டம். நதியின் ஓட்டம் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் நீண்ட மரச் சட்டங்களை முன்னும் பின்னும் ஆட்ட, அந்த அசைவு மலைச்சரிவின் மேலேறி அடுக்கடுக்காக வைத்த இருநூற்றுக்கும் மேற்பட்ட பம்புகளை இயக்க, நீர் மூன்று கட்டங்களாக ஏறி லூவ்சியேன் கால்வாய்ப் பாலத்தை அடைந்தது. நீராவியும் மின்சாரமும் இல்லாத நூற்றாண்டில், ஆற்றின் பலத்தையே கொண்டு ஆற்றை மலையேற்றிய அந்தத் தச்சர்களின் சாமர்த்தியத்துக்கு முன் மாளிகையின் மற்றச் சிறப்புகள் சிறியனவே. மரமும் இரும்பும் இரவு பகலாக முட்டி எழுப்பிய ஓசை அக்கம்பக்கத்தாரை வருத்தியது. பழுது பார்க்கும் வேலை ஒரு நாளும் ஓயவில்லை.

மார்லியின் அழிவு ஒரே நாளில் நேர்ந்ததன்று. 1712-இல் பட்டத்துக்குரிய பேரன் பர்கண்டி கோமகன் இங்கேயே இறந்தார். 1715 ஆகஸ்டில் கிழ மன்னர் இங்கிருந்து வெர்சேல்ஸுக்குத் திரும்பி, செப்டம்பர் முதல் நாள் காலமானார். 1719-இல் குவாஸ்வோ செதுக்கிய சிறகுக் குதிரைச் சிலைகள் பாரிஸுக்குப் போயின. அரச மண்டபத்தின் பின்னே பளிங்குப் படிகளில் பெருகி விழுந்த நீர்வீழ்ச்சியைப் பராமரிக்கப் பணம் போதாமல், 1728-இல் அதை எடுத்துவிட்டுப் புல்வெளி ஆக்கினார்கள். பதினைந்தாம் லூயி, குதிரைகளைக் குளிப்பாட்டும் தடாகத்தின் அருகே, கீயோம் குஸ்துவின் கைவண்ணமான இரண்டு குதிரைச் சிலைகளை 1745-இல் நிறுவினார். திமிறி எழும் குதிரையையும் கடிவாளத்தைப் பற்றி இழுக்கும் சேவகனையும் காட்டும் அவை, போன அழகுக்கு ஈடாக வந்தவை. 1789 ஜூனில் மூத்த மகனைப் பறிகொடுத்த பதினாறாம் லூயியும் மரீ அந்த்வானெத்தும் துக்கத்தோடு இங்கே வந்து தங்கியிருந்த நாட்களில்தான், ஜனப்பிரதிநிதிகள் வெர்சேல்ஸின் பந்தாட்டக் கூடத்தில் கூடித் தங்கள் சபதத்தைச் செய்தார்கள்.

புரட்சிக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஆனால் மாளிகையை அவர்கள் இடிக்கவில்லை. 1799-இல் அதை வாங்கிய ஒரு தொழிலதிபர் அங்கே பஞ்சு நூற்கும் ஆலை வைத்தார். ஆலை நொடித்தது. பிறகு ஈயத்தையும் இரும்பையும் பளிங்கையும் கல்லையும் தனித்தனியே விற்பதற்காகக் கட்டடங்களைப் பிரித்துவிட்டார். 1811-இல் நெப்போலியன் நிலத்தை மீட்டபோது காக்க மிஞ்சியது பூங்காதான். எண்கோணக் கூடத்தில் நெசவுக்கு நூல் திரிந்த அந்தச் சில ஆண்டுகளை நான் இழிவாக எண்ணவில்லை. ஒரு ராஜ்யமே முயன்று தாங்கிய செலவை ஒரு வியாபாரி எப்படித் தாங்குவார்?

இன்று மார்லிக்குச் செல்பவர்கள் பூங்கா வாயிலருகே உள்ள அரும்பொருட்காட்சிச் சாலையை முதலில் பார்ப்பது நல்லது. மறைந்த மண்டபங்களின் உருவத்தை அங்கே கண்ட பிறகே, கீழே பதித்த கற்களுக்கு அர்த்தம் புலப்படும். குதிரைத் தடாகம் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதனருகே நிற்பவை பிரதிகள். குஸ்துவின் மூலச் சிலைகள் நெடுங்காலம் கான்கார்ட் சதுக்கத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றுவிட்டு, 1984-இல் லூவ்ருக்குள் கொண்டுசெல்லப்பட்டு, இப்போது மார்லியின் பெயரையே தாங்கிய கண்ணாடிக் கூரை முற்றத்தில் இருக்கின்றன. மன்னர் 1704-இல் இங்குள்ள மண்டபங்களில் வைத்திருந்த கொரொனெல்லியின் பூகோள, வானகோள உருண்டைகள் இரண்டும் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. லூவ்சியேனில் கால்வாய்ப் பாலத்தின் வளைவுகள் இன்னும் நிற்கின்றன. ஸ்வாலெமின் யந்திரம் 1817 வரை உழைத்தது. பின்னாளில் அதன் இடத்துக்கு வந்த இரும்புச் சக்கரங்களை 1968-இல் கழற்றினார்கள்.