பத்து மணிக்குச் சொல்வார்கள்

பிரிட்டனில் பொதுத்தேர்தல் வியாழக்கிழமைதான் வரும். 1935-லிருந்து அப்படி ஒரு வழக்கம். லீவு கிடையாது. காலை ஏழிலிருந்து இரவு பத்துவரை சாவடி திறந்திருக்கும். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ எட்டிப் பார்த்துப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். மைக்செட் கட்டிய ஆட்டோ இல்லை, சுவர் விளம்பரம் இல்லை, விரலில் மை இல்லை. அன்று பகலில் பிபிசியும் அரசியல் விவாதம் எதையும் தொடாது. சாவடி வாசலில் எஜமானருக்காகக் காத்து நிற்கும் நாய்களின் படம் போட்டுப் பொழுதை ஓட்டுவார்கள். வாக்குப்பதிவு முடியுமுன் எக்ஸிட் போலை வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஆகவே எல்லோருக்கும் இரவு பத்து மணிமேலேயே கண். பிக் பென் அடித்ததும் திரையில் ஒரு எண் வரும். நாடு என்ன நினைக்கிறது என்பதற்கு அதுதான் பதில் என்று விடிய விடியப் பேசுவார்கள்.

நான் பார்த்த முதல் எண் 66. தேதி 2005 மே 5. டோனி பிளேரின் லேபர் கட்சி 66 இடப் பெரும்பான்மையோடு திரும்ப வரும் என்றார்கள். எண்ணி முடித்தபோது பெரும்பான்மை சரியாக 66. வாஜ்பாய் அரசுதான் மறுபடி என்று சொன்ன கணிப்புகள் எல்லாம் மண்ணைக் கவ்வியதை முந்தைய வருடம்தான் பார்த்திருந்தேன். இவர்கள் என்ன மந்திரம் போடுகிறார்கள் என்று தோன்றியது.

அந்தத் தேர்தலில் நானும் ஓட்டுப் போட்டிருந்தேன். லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன்தான் சொன்னார். “விசாவில இருந்தாலும் உமக்கு வோட்டு இருக்குத் தம்பி. கொமன்வெல்த் ஆக்கள் எல்லாரும் போடலாம். போய்ப் பேரைப் பதியும்.” நம்பவில்லை. இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் பிரதமரைத் தீர்மானிப்பதா? பதிந்தேன், வீட்டுக்கு அட்டை வந்தது. சர்ச் ஹாலில் பிளைவுட் தடுப்பு, நூலில் கட்டிய குட்டைப் பென்சில், மடித்துப் போட ஒரு கறுப்புப் பெட்டி. அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. முகவரியைச் சொன்னேன், பட்டியலில் கோடு போட்டுக்கொண்டு சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். புகைப்பட அடையாளம் கட்டாயமானதெல்லாம் 2023-லிருந்துதான்.

ஈஸ்ட் ஹாமில் என் ஓட்டால் ஒன்றும் ஆகிவிடாது. அங்கே லேபர் யாரை நிறுத்தினாலும் ஜெயிக்கும். ஆனாலும் கை பென்சிலைப் பிடித்தபோது மனசு 2003 பிப்ரவரி 15-க்குத்தான் போனது. லண்டனுக்கு வந்த புதிது. இராக் போர் வேண்டாம் என்று ஹைட் பார்க்கை நோக்கி நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். குளிர் எலும்பைத் துளைத்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள், கோட்டும் தொப்பியுமாக இதற்குமுன் எந்த ஊர்வலத்துக்கும் போயிருக்காத தாத்தாக்கள், பள்ளிவாசலிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். போலீஸ் கணக்கு ஏழரை லட்சம்; நடத்தியவர்கள் இருபது லட்சம்வரை சொன்னார்கள். அடுத்த மாதம் போர் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து அதே பிளேர், அதே கட்சி, 66.

அன்று நடந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. எங்கள் பக்கத்துப் பெத்னல் கிரீனில் போர் எதிர்ப்பை மட்டுமே வைத்து ஜார்ஜ் காலவே லேபரைத் தோற்கடித்தார். நாடு முழுக்க லேபரின் பங்கு 35 சதவீதமாக இறங்கியது. ஆனால் தொகுதிக்கு ஒருவர், யார் முதலோ அவர் என்ற முறையில் அந்த 35-ஏ ஆட்சிக்குப் போதும். தெருவில் கேட்டால் ஒரு பதில், சாவடியில் கேட்டால் இன்னொரு பதில். இரண்டும் அதே ஆட்களின் பதில்தான்.

பதில் என்றால் எனக்குப் பக்கத்து வீட்டுக் கிழவர்தான் ஞாபகத்துக்கு வருவார். டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேர்தல் சமயத்தில் அட்டையும் பேனாவுமாகக் கட்சிக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். எந்தக் கட்சி வந்தாலும் அவர் சொல்வது ஒன்றே: “நிச்சயமாக, நிச்சயமாக.” அவர்கள் சந்தோஷமாக அட்டையில் குறித்துக்கொண்டு போவார்கள். எல்லாக் கட்சி நோட்டீசும் பின்பக்கம் தக்காளி நாற்றுத் தட்டுக்கு அடியில் போய்விடும்.

2015-இல் கருத்துக்கணிப்புகள் எல்லாம் இழுபறி என்றன. பத்து மணிக்கு எக்ஸிட் போல் கன்சர்வேட்டிவுக்கு 316 என்றதும், லிபரல் டெமாக்ரட் மூத்தவர் பேடி ஆஷ்டவுன் அது சரியாக இருந்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்று டிவியிலேயே சவால் விட்டார். விடிந்தபோது கன்சர்வேட்டிவ் பிரதமர் கேமரனுக்கு அதற்கும் மேலே போய்த் தனிப் பெரும்பான்மையே கிடைத்திருந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள் உண்மையை மறைத்ததால்தான் கணிப்புகள் கவிழ்ந்தன என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையில் விசாரணை நடந்தது. யாரும் பெரிதாகப் பொய் சொல்லவில்லை, கேட்பதற்குச் சிக்கியவர்களே ஒருபக்கமாக இருந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. லேபர் ஆட்கள் அளவுக்கு மீறி அகப்பட்டிருந்தார்கள்.

எக்ஸிட் போல்காரர்கள் போனில் கேட்பதில்லை. முன்பு நின்ற அதே சாவடிகளில், நூற்று முப்பது சொச்சம் இடங்களில் நிற்பார்கள். வெளியே வருகிறவர்களில் இத்தனாவது ஆள் என்று கணக்கு வைத்து நிறுத்தி, வாயால் எதுவும் கேட்காமல், போலிச் சீட்டும் பென்சிலும் பெட்டியும் கொடுப்பார்கள். உள்ளே செய்ததை வெளியிலும் ஒருமுறை செய்துவிட்டுப் போகலாம். போனமுறை அதே இடத்தில் கிடைத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறார்கள். ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்ட்டிஸும் கூட்டாளிகளும் பகல் முழுக்க ஓர் அறைக்குள் அடைந்து அதைத்தான் கணக்குப் போடுகிறார்கள். மந்திரம் அவ்வளவுதான். ‘ஏன்’ என்று அவர்கள் கேட்பதே இல்லை.

‘ஏன்’ என்பதைத் தானாகவே வந்து சொன்னவர்கள் இல்லாமலில்லை. 2010 ஏப்ரலில் ரோச்டேல் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி பிரதமர் கார்டன் பிரவுனை மடக்கிக் கடன், ஓய்வூதியம், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் என்று வரிசையாகக் கேட்டார். பிரவுன் சிரித்துக் கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்ற மறந்திருந்தார். அந்த அம்மாளைக் குறுகிய புத்திக்காரி என்கிற மாதிரி உதவியாளரிடம் அவர் புலம்பியதை ஊரே கேட்டது. அன்றே அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் அந்த மைக்கைப் பற்றிப் பேசினார்கள். கேள்வி தெருவிலேயே நின்றுவிட்டது.

ஆறு வருடம் கழித்து அது சீட்டில் அச்சாகி வந்தது. 2016 ஜூன் 23. லண்டனில் அன்று கொட்டிய மழையில் ரயில்கள் நின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா? இரண்டே கட்டம். பென்சிலால் போட்டால் அழித்துவிடுவார்கள், பேனா கொண்டுபோங்கள் என்று ஒரு வதந்தி வேறு. என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் போலந்துக்காரப் பெண் ஒருவர் இருந்தார். 2004-இல் போலந்து ஒன்றியத்தில் சேர்ந்ததும் வந்தவர். பன்னிரண்டு வருட வரி, இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள். அவருக்கு ஓட்டு இல்லை. ஐரோப்பாக்காரர்களில் அயர்லாந்து, மால்ட்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டும் உண்டு. எனக்கு உண்டு. “என் தலைவிதியை நீ எழுதப்போகிறாயா?” என்று கெட்டிலில் தண்ணீர் பிடித்தபடி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பத்து மணிக்கு எண் வரவில்லை. ஒப்பிடத் தோதான அண்மை வாக்கெடுப்பு இல்லாததால் டிவிக்காரர்கள் எக்ஸிட் போல் எடுக்கவில்லை. வெளியேறச் சொல்லிப் பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜே எதிர்ப்பக்கம்தான் ஜெயிக்கும்போல என்றார். நள்ளிரவில் சண்டர்லேண்ட் வந்தது: வெளியேற 61 சதவீதம். முடிவில் 51.9-க்கு 48.1. ஈஸ்ட் ஹாமை உள்ளடக்கிய எங்கள் நியூஹாம், ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்றது. ரோடிங் ஆற்றைத் தாண்டினால் வரும் பார்க்கிங்-டேகன்ஹாம் வெளியேறு என்றது. ஒரே பஸ்ஸில் போய் வருகிற ஜனம். மறுநாள் காலை எட்டே கால் மணிக்குப் பிறகு கேமரன் ராஜினாமாவை அறிவித்தார். போலந்துக்காரர் வழக்கம்போல வந்து, வழக்கம்போலக் கணக்கை முடித்தார்.

அதற்குப் பிறகு பத்து மணிகள் வேகமாக ஓடின. 2019-இல் போரிஸ் ஜான்சனுக்கு 80 இடப் பெரும்பான்மை. 2024 ஜூலை 4-இல் லேபருக்கு 410 என்றார்கள்; ஏறக்குறைய அப்படியே வந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டு-போ தொகுதியில் உமா குமரன் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் ஆனார். 2009-இல் முள்ளிவாய்க்கால் நாட்களில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் இரவைக் கழித்த ஈழத்தமிழர்களுக்கு, அன்று பஸ்ஸிலிருந்து வேடிக்கை பார்த்துப் போன நகரம் கொடுத்த தாமதமான பதில் என்று நினைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தத் தேர்தலின் கணக்கைப் பாருங்கள். லேபருக்கு விழுந்தது 34 சதவீத ஓட்டு, கிடைத்தது 63 சதவீத இடம். நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு, 5 இடம். லிபரல் டெமாக்ரட்டுக்கு முப்பத்தைந்து லட்சம், 72 இடம். எது நாட்டின் குரல்?

அடுத்த மே மாதம் ரன்கார்ன் இடைத்தேர்தல். லேபர் பத்து மாதத்துக்கு முன் 14,696 வித்தியாசத்தில் பிடித்த தொகுதி. மறு எண்ணிக்கைக்குப் பிறகு ரிஃபார்ம் 6 ஓட்டில் ஜெயித்தது. நாடு மாறிவிட்டது என்று மறுநாள் ஆளுக்கொரு வியாக்கியானம்.

இதையெல்லாம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற கிழவரிடம் சொன்னபோது, அவர் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டே ஆலைக் கதையைச் சொன்னார். முன்பெல்லாம் ஸ்ட்ரைக் என்றால் திறந்தவெளியில் கூட்டிக் கையைத் தூக்கச் சொல்வார்களாம். பக்கத்தில் நிற்பவன் தூக்கினால் இவரும் தூக்குவாராம். 1984-இல் தாட்சர் அம்மையார் சட்டம் போட்டு ரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார். “முதல்முறை சீட்டு கைக்கு வந்தபோதுதான் நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. வேண்டாம் என்று போட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “பிறகு ஸ்ட்ரைக் குறைந்தது. 2002-இல் கார் கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். கை தூக்கியபோது நினைத்தது சரியா, சீட்டில் போட்டது சரியா என்று மட்டும் என்னைக் கேட்காதே. இரண்டும் நான்தான்.”