ஒரு கூடைக்கு ஒரு பாம்பு

கண்டிக்குச் செல்வோரிடம் காரணம் வினவினால், தலதா மாளிகையைக் காண என்பார் சிலர். பேராதனைப் பூங்காவில் உலாவ என்பார் சிலர். கட்டுக்கலைப் பிள்ளையாரை வணங்க என்பார் வேறு சிலர். பாம்பு வழக்கொன்றைத் தீர்த்து வைப்பதற்காகக் கண்டிக்குப் புகைவண்டி ஏறியவர்கள் நாம் ஒருவராகத்தான் இருத்தல் வேண்டும்.

எமது தமக்கையாரின் இல்லம் அம்பிட்டிய வீதியில், மலைச் சரிவொன்றில் உள்ளது. அவருடைய இளைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனிடமிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. “மாமா, என்னிடம் ஒரு சாரைக் குட்டி இருக்கிறது. அது தனியே இருந்து கவலைப்படுகிறது. என் சினேகிதன் துணைக்கு இன்னொரு பாம்பு தருகிறேன் என்கிறான். இரண்டையும் ஒரே பெட்டியில் விடலாமா? அம்மா ஒன்றையுமே விடக்கூடாது என்கிறா. நீங்கள் வந்து அம்மாவிடம் சொல்லுங்கள்.” வழக்காளியும் அவனே, எமக்காகத் தீர்ப்பை எழுதி வைத்திருப்பவனும் அவனே.

கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கி ஏறும்போது தெரியும் பள்ளத்தாக்கின் அழகை இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. எத்தனையோ பேர் எழுதிவிட்டனர். வீட்டை அடைந்ததும் நேரே பாம்பைத்தான் பார்த்தோம். முன்பு மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி. மேலே கம்பி வலை. வலை நகராதிருக்க அதன்மேல் இரண்டு தடித்த பழைய புத்தகங்கள். உள்ளே, சுண்டு விரற் பருமனுள்ள சாரைக் குட்டியொன்று ஓட்டுத் துண்டின் கீழ்ச் சுருண்டு கிடந்தது. தமக்கையார் இரண்டு வாரமாக அந்த அறைக்குள் காலடி வைக்கவில்லையாம்.

“கவலைப்படுகிறது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டோம்.

“ஒரே இடத்திலேயே படுத்திருக்கிறது, மாமா.”

சொல்லிக் கேட்கும் வயதன்று. கண்டு தெளியும் வயது. ஆகவே விடை கூறாமல், மறுநாட் காலை அவனை அழைத்துக்கொண்டு வாவிக் கரைக்குப் புறப்பட்டோம்.

கண்டி வாவியை 1807 ஆம் ஆண்டளவில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்தான் என்பது மாணாக்கர் அறிந்ததே. அதன் கரையில், உல்லாசப் பிரயாணிகள் நடமாடும் இடங்களில், பாம்பாட்டிகள் அமர்வதுண்டு. சிங்களத்தில் அஹிகுண்டிகர் எனப்படும் இக்கூட்டத்தாரின் வீட்டு மொழி தெலுங்கு. அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள அளிக்கம்பையிலும் வடமத்திய மாகாணத்திலும் இவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. பிள்ளைகள் பாடசாலைக்கும் பிற தொழில்களுக்கும் செல்லத் தொடங்கியபின், கூடை தூக்கி ஊர் சுற்றுவோர் அருகிவிட்டனர்.

அன்று எமக்கு வாய்த்தவர் நரைத்த தாடியுடைய முதியவர். அவர் முன்னே இரண்டு வட்டக் கூடைகள். பக்கத்தில் வாய் கட்டிய சாக்கு. கூடைக்கு ஒன்றாக இரண்டு நாகங்கள். சாக்கினுள் ஒரு மலைப்பாம்பு. படமெடுத்தல் முடிந்து பணமும் கொடுத்தபின், மருமகன் தன் வினாவைத் தொடுத்தான்.

“ஏன் ஐயா மூன்று சுமை? எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் தூக்கச் சுகமல்லவா?”

முதியவர் அவனை மேலுங் கீழும் பார்த்தார். “சுமை குறையும் தம்பி. பாம்பும் குறையும்” என்றார்.

பின்னர் அவர் விளக்கினார். நாகம் எலியையும் தவளையையும் மட்டும் உண்பதன்று. பிற பாம்புகளையும் உண்ணும். இளம் பருவத்தில், கூடை பழுதுபட்ட ஒரு நாள், நாகத்தோடு சிறு சாரையொன்றைச் சேர்த்துப் போட்டுவிட்டு உறங்கிப் போனாராம். விடிந்தபோது நாகம் மட்டுமே இருந்ததாம். மூன்று நாள் அது படமெடுக்க மறுத்து, பிழைப்பையும் கெடுத்ததாம்.

“நாகமும் சாரையும் புருஷன் பெண்சாதி என்று பாட்டி சொன்னாவே!” என்றான் மருமகன் திகைப்புடன். முதியவர் சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்த நாகமே தலை தூக்கிவிட்டது.

இந்த நம்பிக்கை நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியது. சாரை ஆண், நாகம் பெண்; இரண்டும் பிணைந்தாடுவதைக் கண்டால் வெள்ளைத் துணி வீசிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்; செல்வம் பெருகும் என்பர். உண்மையில் இவை வேறு வேறு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வயல் வரப்பில் கயிறு முறுக்கியதுபோல் நிமிர்ந்து நாம் காணும் பிணையல், பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மற்போர். ஒன்றன் தலையை மற்றது தரையோடு அழுத்த முயல்கிறது. தோற்றது விலகி ஓடுகிறது. வெளியில் ஓடுவதற்கு இடமுண்டு. கண்ணாடித் தொட்டியில் தோற்றவன் எங்கே ஓடுவான்?

தலதா மாளிகைக்குப் பின்புறமுள்ள உடவத்தைக் காட்டினுள் சற்று நடந்தோம். நகரின் நடுவே இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேற்பட்ட காடு. 1938 இலிருந்து சரணாலயம். பெருங்கொடியொன்றின் கீழ் அமர்ந்தபோது, மருமகன், “நாகத்தை நான் வளர்க்கவில்லையே மாமா. சினேகிதனிடம் இருப்பது விஷமில்லாதது, கறுப்பில் வெள்ளை வளையம் போட்டது” என்றான்.

அதைக் கேட்டதும் எமக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

நாமும் இந்த மலைநாட்டில் விடுதி மாணாக்கராய் இருந்தவர்களே. விறகுக் கொட்டிலில் ஒரு மாலை, எம் தோழர் இருவர் ஆளுக்கொரு பாம்பு பிடித்தனர். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் வெள்ளை வளையங்கள். ‘வெள்ளிக்கோல் வரையன்’ என்றும் ‘ஓநாய்ப் பாம்பு’ என்றும் சொல்லப்படும் நஞ்சற்ற இனம் என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒரே இனமாயிற்றே என்று, பெரிய மிட்டாய்ப் போத்தல் ஒன்றில் இரண்டையும் இட்டு, மூடியில் துளையும் போட்டோம். ஒருவன் பெரிய பாம்பை வெறுங்கையாலேயே தூக்கி உள்ளே விட்டான். காலையில் போத்தலில் ஒரு பாம்புதான் இருந்தது. அதன் வயிறு பருத்திருந்தது. வாயோரத்தில், விழுங்கி முடியாத வால் நுனி.

விலங்கியல் ஆசிரியர் வந்தார். நீண்ட இடுக்கியால் பாம்பைப் பிடித்து, முதுகுச் செதில்களைக் காட்டினார். முதுகெலும்பின் நேர்மேலே ஓடும் செதில் வரிசை மற்றவற்றினும் பெரிது, ஒவ்வொன்றும் அறுகோணம். அது கட்டுவிரியன் குலத்தின் அடையாளம். சிங்களவர் ‘கரவலா’ என்பதும் அதுவே. இலங்கைக்கே உரிய கட்டுவிரியன் ஒன்று ஈரவலயத்திலும் மலைச் சரிவுகளிலும் வாழ்கிறது. அதைப் போலவே வேடமிட்டாற்போன்ற நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பும் இத்தீவில் உண்டு. பகைவரை அஞ்சச் செய்ய அதற்கு அந்த ஒப்பனை உதவுகிறது போலும். கட்டுவிரியனிடமிருந்து மட்டும் அது காப்பதில்லை. ஏனெனில் கட்டுவிரியனுக்கு முக்கிய இரையே பாம்புகளும் அரணை முதலியனவுமாம்.

கட்டுவிரியன் கடி பெரிதும் வலிப்பதில்லை. கண்ணிமை தாழும், பேச்சுக் குழறும், பின் மூச்சுத் தசைகள் சோரும். வெறுங்கையால் தூக்கிய தோழன் ஆசிரியர் பேசி முடிக்குமுன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். கடிபடவில்லை; காரணம் ஏதென்று இன்றுவரை அவனுக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது.

இதைக் கேட்ட மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “மாமா, அவன் அதைப் பிஸ்கற் தகரத்தில் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறான்” என்றான்.

நாம் எழுந்தோம். அங்கிருந்தே அந்தச் சிறுவனின் தந்தையாருடன் தொலைபேசியிற் பேசினோம். தகரத்தை ஒருவரும் திறவாமல், அறையைப் பூட்டி, வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டோம். அவ்வாறே அவர்கள் வந்து எடுத்துச் சென்றனர். தகரத்தில் இருந்தது எது என்பதை அறிய மருமகனுக்கு இருந்த ஆவல் எமக்கு இருக்கவில்லை.

பிற்பகலில் பேராதனைக்குப் போனோம். பூங்காவைச் சுற்றி வரும்போதும் பேச்சு பாம்பைப் பற்றியதே. “இரண்டும் சாரையாகவே இருந்தால்?” என்றான். விடாக்கண்டன்! நியாயமான கேள்விதான், கற்றதைச் சொன்னோம்.

பாம்புக்குத் தனிமை துயரமன்று. ஒரே இடத்தில் கிடப்பது கவலையால் அல்ல. இரை செரிப்பதற்கும் உடற்சூட்டைக் காப்பதற்கும் அதுவே அதன் வழி. ஒரு பெட்டியில் இரண்டு பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால், கட்டியணைத்து உறங்குகின்றன என்று நாம் மகிழ்வோம். பெட்டியில் சூடான மூலையும் மறைவிடமும் ஒன்றே என்பதுதான் காரணம். வலியது அந்த இடத்தைப் பிடிக்க, மெலியது நாளடைவில் உண்ணாமல் வாடும். ஒன்று இரையைக் கக்கினால் எது கக்கியது என்று தெரியாது; ஒன்றுக்கு உண்ணியோ நோயோ பற்றினால் மற்றதற்கும் பற்றும். யாவற்றினும் கொடியது உணவு நேரம். ஒரே தவளையை இரு முனையிலும் இரண்டு பாம்புகள் கவ்விவிட்டால் விடுவது எளிதன்று. அவற்றின் பற்கள் உட்புறமாக வளைந்தவை. தவளையைத் தொடர்ந்து தோழனும் உள்ளே போய்விடக்கூடும்.

விதிவிலக்கு இல்லாமலில்லை. கனடாவின் மனிற்றோபாவில், நார்சிஸ் என்னும் ஊரருகே, கார்ட்டர் பாம்புகள் குளிர்காலத்தைக் கழிக்க நிலக்குழிகளில் பல்லாயிரக்கணக்காகக் கூடுகின்றன. அவ்வினம் கூட்டாளிகளைத் தேர்ந்து சேர்கிறது என்று கனடிய ஆய்வாளர் 2020 இல் எழுதினர். கார்ட்டர் பாம்புக்குப் பொருந்துவது சாரைக்கும் பொருந்தும் என்று கொள்வது, வாத்து நீந்துகிறதே என்று கோழியைக் குளத்தில் விடுவதற்கு ஒப்பாகும்.

பாம்போடு பிழைப்போர் இதை நன்கறிவர். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978 இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், மண்பானைகளில் பாம்புகளை வைத்து, வாயைத் துணியால் கட்டி, இனமும் நாளும் குறித்து வைக்கின்றனர். சில வாரம் நஞ்சு எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து இந்தியாவில் ஆக்கப்படும் முறி மருந்தே நெடுங்காலமாக இலங்கை வைத்தியசாலைகளுக்கும் வந்தது.

மாலையில் வீடு திரும்பியதும், இன்னுமொன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 2009 இல் திருத்தப்பட்டபின், இந்நாட்டுப் பாம்பினங்களிற் பெரும்பாலானவை காவலுக்குட்பட்டவை. ஒரு பெட்டியா, இரு பெட்டியா என்பதற்கு முன், பெட்டி வேண்டுமா என்ற கேள்வி நிற்கிறது. அதை நாம் கேட்கவில்லை; அவனே கேட்டான்.

மறுநாள் விடியலில், வீட்டுக்குக் கீழேயுள்ள வயலோரத்தில் தொட்டியைச் சரித்து வைத்தான். சாரைக் குட்டி சிறிது நேரம் அசையவில்லை. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை நுகர்ந்தது. பிறகு, ஒரு கோடு அழிவதுபோல் புல்லில் மறைந்தது. தமக்கையார் மாடிச் சன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை என்றே பின்னர் சாதித்தார்.

சென்ற கிழமை மீண்டும் ஒரு கடிதம் வந்துள்ளது. தொட்டியில் இப்போது கப்பி மீன்கள் விட்டிருக்கிறானாம். ஒன்று குட்டி போட்டதாம், எண்ணும்போது பதினெட்டு இருந்ததாம், மறுநாள் பதினொன்றுதானாம். “மாமா, குட்டிகளையும் தாயையும் ஒரே தொட்டியில் விடலாமா?”